பழம்பெருமையும் பழைய விண்மீன்களும்

தைப்பூசத்தன்று பினாங்குத் தீவு உறங்குவதில்லை. ஜார்ஜ் டவுன் வீதிகளில் வெள்ளி இரதம் அசைந்து செல்லும். தண்ணீர்மலையை நோக்கி மக்கள் வெள்ளம் திரளும். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். சிதறு தேங்காயின் ஓசை விண்ணை எட்டும். ஆயின் அந்த விண்ணை அண்ணாந்து நோக்குவோர் எத்தனை பேர்? பூசம் என்பது கடக இராசியில் உள்ள மங்கலான விண்மீன்களின் பெயர். அவற்றின் நடுவே ஒரு விண்மீன் கொத்து உண்டு. வெறுங்கண்ணுக்குப் புகைத்திட்டுப் போலத் தோன்றும் அது, நாற்பதுக்கும் மேற்பட்ட விண்மீன்களின் கூட்டம் என்று 1610ஆம் ஆண்டில் கலிலியோ தம் நூலில் உலகிற்கு அறிவித்தார். விழாவின் பெயரே விண்மீனின் பெயர். எனினும், அந்த விண்மீன் எங்கே என்று கேட்டால், திரண்டிருக்கும் பல இலட்சம் மக்களுள் எத்தனை விரல்கள் சரியான திசையில் நீளும்? பெயரைப் போற்றிப் பொருளை மறந்த நிலைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் தைப்பூசம் அமையும் ஆண்டுகளில், அன்று காலை ஆறு மணி அளவில், கிழக்கு வெளுக்கத் தொடங்கும் முன், காவடிகள் புறப்படும் அந்த வேளையில், பினாங்கின் தென்வானில் மற்றொன்று நிற்கிறது. அது கீழ்வானிலிருந்து 37 பாகை உயரத்தில், நேர்தெற்கே நிற்கும். கூர்ந்து நோக்குவார்க்கு ஒளி குன்றிய ஒரு விண்மீன் போலத் தோன்றும். அதன் பெயர் ஒமேகா செண்டாரி. அது ஒரு விண்மீன் அன்று. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைந்து உருண்டு நிற்கும் கோளக் கொத்து. இப்பால்வீதியில் அறியப்பட்ட கோளக் கொத்துகள் 150க்கு மேல் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியதும் மிக ஒளி மிக்கதும் இதுவே. அதன் தொலைவு ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு. இன்று விழியில் விழும் அவ்வொளி புறப்பட்ட காலத்தில், நீரெல்லாம் பனியாய் உறைந்து கடல் மட்டம் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை நிலமாக இருந்தது. பினாங்கு தீவாகவே இல்லை. மனிதன் எழுத்தைக் கண்டறிந்ததும் அதற்குப் பின்னரே.

இத்தகைய காட்சி ஆண்டுதோறும் தவறாமல் வந்து நிற்க, அதைக் காணாமலேயே தலைமுறைகள் கழிகின்றன என்றால், அக்குறை வானத்தினுடையது அன்று. அது யாருடையது என்பதை ஆராய்வதே முறை.

பெருமை பேசுவோர்

முதற்கண் குற்றம் சாட்டத் தக்கவர்கள், எல்லாம் முன்னோர்க்குத் தெரியும் என்று மேடைதோறும் முழங்குவோர். விண்ணியல் பற்றிய பேச்சு எழுந்தால் போதும். அணுவும் அண்டமும் பழந்தமிழர் அறிந்தவையே, மேலைநாட்டார் கண்டது அனைத்தும் ஏட்டுச்சுவடியில் முன்னரே உள்ளது என்று அவர்கள் கூறிவிடுவர். கேட்போர் கைதட்டுவர். கைதட்டி முடிந்தபின் எவரும் வெளியே சென்று வானத்தைப் பார்ப்பதில்லை. ஏன் பார்க்க வேண்டும்? எல்லாம் முன்னரே தெரிந்துவிட்டது அன்றோ!

இக்கூற்று உண்மையா? பழந்தமிழர் வானத்தை நோக்கினர் என்பதில் ஐயமில்லை. கார்த்திகையை அறுமீன் என எண்ணிச் சொன்னவர்கள் அவர்கள். நாள்மீன்களுக்குப் பெயரிட்டு, திங்களின் வழியைப் பின்பற்றி, காலத்தைக் கணித்தவர்கள் அவர்கள். அவையெல்லாம் வெறுங்கண்ணின் வெற்றிகள்; போற்றத் தக்கவை. ஆனால் கோளக் கொத்து என்பது வெறுங்கண்ணுக்குத் தன்னை வெளிப்படுத்தாத பொருள். தாலமி என்னும் பெரும் வானியலறிஞர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒமேகா செண்டாரியை ஒரு விண்மீன் என்றே பட்டியலிட்டார். 1603ஆம் ஆண்டில் பாயர் அதற்கு ஒமேகா என்னும் எழுத்தைச் சூட்டியபோதும் அது விண்மீனாகவே கருதப்பட்டது. 1677ஆம் ஆண்டில் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து நோக்கிய எட்மண்ட் ஹாலியே அது விண்மீன் போன்றது அன்று என்று முதலில் குறித்தார். 1826ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நோக்கிய ஜேம்ஸ் டன்லப் அது கோளக் கொத்து என்பதைக் கண்டார். தொலைநோக்கி தோன்றுமுன் இதை அறியாதிருந்தது கிரேக்கர்க்கும் இழுக்கன்று, தமிழர்க்கும் இழுக்கன்று. அறியாததை அறிந்ததாகச் சொல்லிக்கொள்வதே இழுக்கு.

இன்னும் ஒன்று கருதத் தக்கது. பழமையைப் போற்றுவோர் கார்த்திகையைப் பழமையின் சின்னமாகக் கொள்கின்றனர். விண்ணியல் கூறுவதோ வேறு. கார்த்திகை ஒரு திறந்த கொத்து. அதன் வயது ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டு. வான்கணக்கில் அது குழந்தை. கோளக் கொத்துகளின் வயதோ ஏறத்தாழ 1,000 கோடி முதல் 1,300 கோடி ஆண்டு வரை. அண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என்னும்போது, இவற்றினும் மூத்த பொருள்களைக் காண்பது அரிது. உண்மையான பழமை எது என்று அறிய விரும்புவோர், சுவடியைப் புரட்டுவதோடு தொலைநோக்கியையும் திருப்ப வேண்டும். பழமையின் பெயரால் வாதிடுவோர் பழமையிலும் பழமையானதைப் பாராமல் இருப்பது எத்துணை முரண்!

அவ்வயது எவ்வாறு அறியப்பட்டது என்று மாணவன் கேட்கலாம், கேட்க வேண்டும். ஒரு கோயில் மண்டபத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்டன என்று கொள்க. பெருஞ்சுடராய் எரியும் விளக்கு எண்ணெயை விரைந்து குடித்து முதலில் அணையும். சிறுசுடராய் எரிவது நெடுநேரம் நிற்கும். பின்னர் உள்ளே நுழைந்த ஒருவன், எந்த அளவுச் சுடர் இப்போது அணையத் தொடங்கியிருக்கிறது என்று பார்த்தே விளக்குகள் ஏற்றப்பட்ட நேரத்தைக் கணித்துவிடுவான். ஒரு கோளக் கொத்தின் விண்மீன்களிற் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. பெரிய நீல விண்மீன்கள் தம் எரிபொருளை விரைந்து தீர்த்து மறைந்துவிட்டன. ஞாயிற்றினும் சற்றே சிறியவை இப்போது தம் முதுமையை எட்டிச் செம்பூதங்களாய் வீங்குகின்றன. அந்த எல்லையே வயதைக் காட்டும் கடிகை. ஒமேகா செண்டாரியிலோ பல தலைமுறை விண்மீன்கள் கலந்துள்ளன. அதனால், அது ஒருகாலத்தில் தனியொரு சிறு விண்மீன் மண்டலமாக இருந்து, பால்வீதியால் விழுங்கப்பட்டு எஞ்சிய நடுப்பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பெருமை பேசுவோர் பாடம் கற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது தமிழகத்திலேயே உள்ளது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792ஆம் ஆண்டில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவியது. அக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867ஆம் ஆண்டில் தென்வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் மரபறியாதவர் அல்லர். சோதிட கணிதத்தில் ஊறிய குடியில் வந்தவர். எனினும், பழைய வாய்பாட்டைக் கொண்டு கணித்த இடத்தில் கோள் நிற்கவில்லை என்று தொலைநோக்கி காட்டியபோது, கோளின்மேல் பிழை கூறாமல் வாய்பாட்டைத் திருத்த வேண்டும் என்றார். கண்கண்ட வானத்தோடு ஒத்துவரும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடினார். 1874ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்த நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்க, ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்திய மொழிகளிலும் நூல் செய்தார். வாக்கியம், திருக்கணிதம் என்னும் பூசல் இன்றும் தீரவில்லை. மரபைக் காப்பது என்பது முன்னோர் சொன்னதைத் திரும்பச் சொல்வதா, அன்றி முன்னோர் செய்ததைத் திரும்பச் செய்வதா? முன்னோர் செய்தது வானத்தை நோக்கியது. நோக்காமல் அவர்தம் பெயரை மட்டும் சொல்வோர் மரபினர் ஆகார்.

நம்பிக்கை இழந்தோர்

இரண்டாவதாகக் குற்றம் சாட்டத் தக்கவர்கள் இவர்க்கு நேர்மாறானவர்கள். தமிழ் பத்திக்கு உரியது, பாட்டுக்கு உரியது, அறிவியலுக்கு உரியது அன்று என்று இவர்கள் கூறுவர். பெருமை பேசுவோர் உரக்கக் கூறுவதை இவர்கள் மெல்லக் கூறுவர். ஆனால் இவர்களின் சொல்லே பெற்றோர் செவியில் ஆழமாக இறங்குகிறது.

பினாங்கு இவ்வழக்கிற்குப் பொருத்தமான களம். 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் அதன் இருநூறு ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அதே 2016ஆம் ஆண்டில்தான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க இடந்தரும் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்காடலும் எழுந்தது. அதற்கு முன்னர் 2003ஆம் ஆண்டில் இவ்விரு பாடங்களும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டதும், 2009ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டதும் ஆசிரியர் அறிந்தவையே. கொள்கை வரும், போகும். ஒவ்வொரு முறையும் எழும் வினா ஒன்றே: தமிழில் அறிவியல் இயலுமா?

இவ்வினாவிற்கு முழக்கம் விடையாகாது. செய்து காட்டுவதே விடை. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா? பெ. நா. அப்புசுவாமி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலை இனிய தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராயிருந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இலங்கையில் இன்றும் உயர்தர வகுப்பு வரை அறிவியலைத் தமிழில் கற்கும் மாணவர் உளர். இயலாது என்போர் இவற்றை அறியாதவர் ஆகலாம்; அல்லது அறிந்தும் மறைப்பவர் ஆகலாம்.

கோளக் கொத்தைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற தமிழர் என்று சந்திரசேகரின் பெயரைச் சொல்லாத மேடை இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்ற அவர் 1983ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்றார். ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை கண்டார் என்பதோடு விடை நின்றுவிடும். விண்மீன்கள் கூட்டமாய் இயங்கும் முறையைப் பற்றி 1942ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார் என்பதும், இயக்க உராய்வு என்னும் கருத்தை 1943ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார் என்பதும் மேடையேறுவதில்லை. கோளக் கொத்தின் உள்வாழ்வை விளக்கும் திறவுகோல்களுள் ஒன்று அது.

அது தமிழில் சொல்ல இயலாத பொருளா? தைப்பூசக் கூட்டத்தின் நடுவே இரதம் செல்கிறது என்று கொள்க. இரதம் கடந்து செல்லச் செல்ல, அதனால் ஈர்க்கப்பட்ட மக்கள் அதன் பின்னே நெருங்கித் திரளுகின்றனர். முன்னே இருப்பவரினும் பின்னே திரண்டவர் மிகுதி. அப்பின்திரள் இரதத்தைப் பின்னோக்கி இழுத்தால் இரதம் என்ன ஆகும்? வேகம் தளரும். கொத்தினுள் எடை மிக்க விண்மீனுக்கு நேர்வதும் இதுவே. அது செல்லும் வழியில் சிறு விண்மீன்கள் அதன் ஈர்ப்பால் வளைந்து பின்னே குவிகின்றன. அக்குவியலின் ஈர்ப்பு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. அது வேகம் இழந்து மெல்ல நடுவை நோக்கி இறங்குகிறது. கனத்தவை நடுவிலும் இலேசானவை புறத்திலும் அமைவது இதனால்தான். இவ்வளவே செய்தி. இதில் தமிழுக்கு எங்கே மூச்சுத் திணறியது?

சந்திரசேகர் ஆங்கிலத்தில் அன்றோ எழுதினார் என்று மறுப்பர். உண்மை, இங்கு வழக்கு ஆங்கிலத்திற்கு எதிரானது அன்று. உயர் ஆய்வுக்குச் செல்பவன் ஆங்கிலமும் அறிய வேண்டும். மலாயும் அறிய வேண்டும். கேட்கப்படுவது வேறு: முதல் வியப்பு எம்மொழியில் எழ வேண்டும்? பத்து வயதுச் சிறுமி தொலைநோக்கியின் வழியே முதன்முறை நோக்கி, புகைத்திட்டு விண்மீன்களாய்ச் சிதறுவதைக் கண்டு, தன் தாயிடம் அதைச் சொல்ல ஓடும்போது, அவள் நாவில் சொல் இருக்க வேண்டும். சொல் இல்லையேல், அறிவியல் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். வீட்டில் சொல்லப்படாத அறிவு தேர்வுத்தாளோடு முடிந்துபோகும்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கோளக் கொத்து என்பார் சிலர். உருண்டைத் திரள் என்பார் சிலர். உடுக்கொத்து என்று தொடங்குவார் சிலர். கோளக் கொத்து என்றால் கோள்களின் கொத்து என்று மாணவன் மயங்குவானே என்னும் அச்சமும் பொருளற்றது அன்று. ஆயின் சொல் முடிவாகும் வரை பாடம் நிற்கட்டும் என்பது நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பது போன்றது. எழுத எழுதச் சொல் தேயும், திருந்தும், நிலைக்கும். எழுதப்படாத மொழியில் எந்தக் குழுவும் கலைச்சொல்லை வாழவைத்ததில்லை.

பிறர் கண்ணால் காண்பது

இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: இருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. ஒருவர் முன்னோர் கண்ணால் காண்கின்றார். மற்றவர் அயலார் கண்ணால் காண்கின்றார். பிறர் கண்ணால் காண்பதன் கேடு யாது என்பதற்குக் கோளக் கொத்தே சான்று.

வடநாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளைப் புரட்டினால், ஹெர்குலிஸ் குழுவிலுள்ள மெஸ்ஸியர் 13 என்னும் கொத்தே பெரிதும் புகழப்பட்டிருக்கும். ஹாலி 1714ஆம் ஆண்டில் கண்டது அது. 1974ஆம் ஆண்டில் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து மனிதகுலத்தின் செய்தி ஒன்று அனுப்பப்பட்டதும் அதை நோக்கியே. அந்நூலாசிரியர்களைக் குறை கூறுவதற்கில்லை. இலண்டன் வானில் ஒமேகா செண்டாரி ஒருநாளும் உதிப்பதில்லை. அவர்கள் கண்டதை அவர்கள் எழுதினர். பினாங்கோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐந்தரைப் பாகையளவில் அமைந்தது. மெஸ்ஸியர் 13 வடவானில் 59 பாகை உயரம் எழும். ஒமேகா செண்டாரி தென்வானில் 37 பாகை எழும். இரண்டாவது ஒளிமிக்க கொத்தாகிய 47 துக்கானே சென்னையில் அடிவானத்தை ஒட்டி 5 பாகை மட்டுமே எழ, பினாங்கில் 12 பாகைக்கு மேல் எழும். இரு வானங்களின் செல்வமும் ஒரே முற்றத்தில் கிடைப்பது எல்லோர்க்கும் வாய்க்கும் பேறன்று. தென்வானைக் காணும் பொருட்டே தமிழகத்தில் சவ்வாது மலையின் காவலூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு 1986ஆம் ஆண்டில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டு, பின்னர் வைணு பாப்பு என்பாரின் பெயரைப் பெற்றது. காவலூர் மலையேறிப் பெற்றதினும் தாழ்ந்த தென்வானம் பினாங்குப் பள்ளி மாணவனுக்குக் கடற்கரையில் கிடைக்கிறது. அவனோ நூலில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பார்ப்பதால் என்ன விளையும் என்போர்க்கு ஒரு வரலாறு போதும். ஹென்ரியட்டா லீவிட் என்னும் பெண்மணி ஒளிமாறும் விண்மீன்களின் மாறுகாலத்திற்கும் உண்மை ஒளிக்கும் உள்ள தொடர்பை 1912ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தகைய விண்மீன்களைக் கொண்டு கோளக் கொத்துகளின் தொலைவைக் கணித்த ஹார்லோ ஷாப்லி, 1918ஆம் ஆண்டில் ஒன்றைக் கண்டார்: கொத்துகள் வானெங்கும் சமமாகப் பரவவில்லை, தனுசு இராசியின் பக்கமே மிகுந்து குவிந்துள்ளன. அவை சூழ்ந்து நிற்கும் இடமே பால்வீதியின் நடு. ஞாயிறு அந்நடுவில் இல்லை என்று அவர் முடிவு கட்டினார். ஞாயிறு நடுவிலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளியுள்ளது என்பது இன்றைய கணக்கு. உலகம் நடுவன்று என்று கோப்பர்நிக்கஸ் காட்டினார். ஞாயிறும் நடுவன்று என்று கோளக் கொத்துகள் காட்டின. தன் ஊரே, தன் குலமே, தன் மொழியே உலகின் நடு என்று எண்ணும் உள்ளத்திற்கு இதனினும் நல்ல மருந்து உண்டோ? ஆய்வும் முடிந்துவிடவில்லை. ஒமேகா செண்டாரியின் நடுவில் மிக விரைந்து செல்லும் ஏழு விண்மீன்களை ஹபிள் தொலைநோக்கியின் இருபதாண்டுப் படங்களில் கண்ட ஆய்வாளர், ஞாயிற்றைப் போல் 8,200 மடங்கேனும் எடையுள்ள கருந்துளை அங்கு இருக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் எழுதினர்.

சாக்குகள்

தீவின் வானம் விளக்கொளியால் கெட்டுவிட்டது என்பர். ஜார்ஜ் டவுன் வீதியில் அது உண்மை. ஆயின் தெலுக் கும்பார் கடற்கரை தெற்கே கடலை நோக்கியே உள்ளது. பாலிக் புலாவ் மலைக்கு அப்பால் உள்ளது. பந்தாய் ஆச்சேயில், பிறையும் தொழுகை நேரமும் கணித்த அறிஞர் ஷேக் தாஹிர் ஜலாலுத்தீனின் பெயரைத் தாங்கிய வானியல் மையம் இத்தீவிலேயே உள்ளது. அண்டை வீட்டார் இன்றும் பிறையைக் கணிப்பதோடு நில்லாமல், தொலைநோக்கியோடு கரையில் நின்று தேடுகின்றனர். அவர்தம் மரபு கண்ணோடு வாழ்கிறது. பூசத்தையும் கார்த்திகையையும் கொண்டாடுவோர் அவர்களிடம் கற்க வெட்கப்பட வேண்டுவதில்லை.

மழையும் முகிலும் மறைக்கும் என்பர். மறைக்கும், ஆனால் ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் விடியற்காலை தெளிந்திருக்கும் நாள்கள் பல உண்டு. தேர்வு நெருக்குகிறது என்பர். ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது; அச்சாக்கும் அதனோடு நீங்கியிருக்க வேண்டும். விண்மீன் குழுக்கள் தொடக்கப்பள்ளி அறிவியலிலேயே இடம்பெற்றுள்ளன. தொலைநோக்கிக்குப் பணம் இல்லை என்பர். ஆண்டுவிழா மேடைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் பணம் இருக்கும் இடத்தில், 15 சென்டிமீட்டர் ஆடி கொண்ட ஒரு தொலைநோக்கிக்குப் பணம் இல்லை என்பது நம்பத் தக்கதன்று. அக்கருவி, இருளில் விரிந்த கண்மணியைப் போல் 450 மடங்கு ஒளியைத் திரட்டித் தரும். அதுவும் இல்லையேல், பறவை நோக்குவார் வைத்திருக்கும் இரட்டைக்குழல் நோக்கி ஒன்றே தொடக்கத்திற்குப் போதும்.

வழியும் எளிது. சித்திரை என்னும் விண்மீனைத் தமிழ் ஆசிரியர் ஒருவர் அடையாளம் காட்டினால் போதும். அது தென்வானில் உச்சத்தை எட்டும் அதே வேளையில், அதற்கு நேர்கீழே, தெற்கு நோக்கி 36 பாகை தொலைவில் ஒமேகா செண்டாரி நிற்கும். கையை நீட்டிப் பிடித்த முட்டி ஏறத்தாழ 10 பாகை. ஆகவே மூன்றரை முட்டி அளந்தால் இடம் கிடைக்கும். சித்திரை முதல் நாளன்று அது நள்ளிரவுக்குப் பின் ஒன்றேகால் மணியளவில் உச்சம் எய்தும். வைகாசி இறுதியில் இரவு ஒன்பதேகாலுக்கே எய்தும். மலாய் மீனவர் திருக்கை மீனாகக் கண்ட தென்சிலுவைக் குழுவும் அதன் அருகே நிற்கும். விளக்கொளி படாமல் அரைமணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்கிக்கொண்டு, நேரே உறுத்து நோக்காமல் சற்றே ஒதுங்கிய பார்வையால் நோக்க வேண்டும். மங்கிய ஒளியை உணரும் ஆற்றல் விழித்திரையின் நடுவினும் அதன் புறத்தில் மிகுதி. இரட்டைக்குழல் நோக்கியில் அது பஞ்சுருண்டையாய்த் தோன்றும். தொலைநோக்கியில் அவ்வுருண்டை நுண்துகள்களாய்ச் சிதறும். ஒவ்வொரு துகளும் ஒரு ஞாயிறு. பின்னர் கேட்டை விண்மீனின் மேற்கே ஒன்றேகால் பாகையில் உள்ள மெஸ்ஸியர் 4ஐத் தேடலாம். 1764ஆம் ஆண்டில் மெஸ்ஸியர் தனித்தனி விண்மீன்களாய்ப் பிரித்துக் கண்ட முதற் கோளக் கொத்து அதுவே. சித்திரையும் கேட்டையும் சாதகக் கட்டத்தில் மட்டும் வாழ வேண்டியவை அல்ல. அவை வானத்தின் வழிகாட்டிகள்.

எழுத்தாளர் கடன்

இறுதிக் குற்றச்சாட்டு எழுத்தாளர்மேல். நிலவைப் பற்றி எழுதாத தமிழ்க் கவிஞர் இல்லை. விண்மீனைக் கண்ணுக்கு உவமை சொல்லாதவர் இல்லை. ஆனால் விண்மீன் யாது, எத்துணைத் தொலைவு, எவ்வளவு வயது என்று எழுதும் ஒரு பக்கத்திற்கு இதழ்களில் இடம் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியைக் காக்க வேண்டும், தமிழில் அறிவியல் நிலைக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றுவோர், அப்பள்ளி மாணவன் விரும்பிப் படிக்கத் தக்க அறிவியல் நூல் ஒன்றேனும் எழுதினரா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நூல் இல்லாத இடத்தில் கொள்கையைக் குறை கூறிப் பயன் யாது? கடையில் சரக்கு இல்லாதவன், வாங்குவார் இல்லை என்று அழுவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே வேண்டுவன மூன்று. தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டிற்கு ஓர் இரவேனும் மாணவரை வானத்தின்கீழ் நிறுத்த வேண்டும். கண்டதை அம்மாணவர் தம் கையால் தமிழில் எழுத வேண்டும். வரைந்து காட்ட வேண்டும். எழுத்தாளர் அவர்க்கு முன்னோடியாய் அறிவியலை எழுதிக் காட்ட வேண்டும். இம்மூன்றும் அரசாணைக்குக் காத்திருப்பவை அல்ல. மனம் இருந்தால் வரும் வைகாசியிலேயே தொடங்கலாம்.

17,000 ஆண்டு வழிநடந்து வரும் ஒளி, தண்ணீர்மலைச் சாரலில் நிற்கும் தமிழ்ச் சிறுவனின் தலைக்கு மேலேயே விழுகிறது. அவன் கண்ணைத் திருப்பிவிட ஓர் ஆசிரியர் வேண்டும். அவன் கண்டதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். ஒளி தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சியிருப்பது தமிழர் கடமை.